இரண்டு லோடு

ஒன்பதடி வரைக்கும் சாதாரண மண்தான்.
செம்மணல், அதன்கீழ் சாம்பல் களி,
எப்போதோ கடல் வந்துபோனதற்குக் கொஞ்சம் கிளிஞ்சல்.
பத்தாவது அடியில் பக்கெட் மேலே வந்தபோது
அதன் பற்களில் நீலம்.

பூவராகன் எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
ஸ்ரீமுஷ்ணத்துக்காரன்,
பூமியைப் பல்லில் ஏந்திவந்த சாமியின் பெயர்.
"அந்துருண்டை வாசனை வருதே மேடம்."
மோந்து பார்க்காதே என்றேன்.
நான் ஏற்கெனவே மோந்திருந்தேன்.

வரைபடத்தில் இந்த இடத்துக்குப் பெயர் காலி மனை.
சாயப் பட்டறை ஒன்று இருந்து மூடியதாக
டீக்கடையில் சொல்கிறார்கள்.
எந்தக் காகிதத்திலும் இல்லை.

குழி விளிம்பில் கருவியை நீட்டினேன்.
துறைமுகத்து ஏலத்தில் வஞ்சிரம் விலை ஏறுவதைப்போல
நிற்காமல் ஏறியது எண்.
பீடிகளை அணைக்கச் சொன்னேன்.
வாடைக்காற்று முகத்தில் படும் பக்கமாக
எல்லோரையும் நகர்த்தினேன்.
குழிக்குள் யாரும் இறங்கவேண்டாம்,
விழுந்த மண்வெட்டியை எடுக்கக்கூட.

கலியபெருமாள் போனில் கத்தினார்:
"மழைக்கு முன்னாடி காங்கிரீட் விழணும்.
ஊறுற தண்ணிய வாய்க்கால்ல தள்ளிவிடு.
உப்பனாறு பாக்காத நீலமா?"
பதில் சொல்லாமல்
மோட்டாரின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப்
பையில் போட்டுக்கொண்டேன்.
தொட்டி லாரி வரட்டும்.

கீழே ஒரு தார்ப்பாய், மேலே ஒரு தார்ப்பாய்,
சுற்றிலும் மணல் மூட்டை.
மழை அதைத் தொடக்கூடாது,
அது தரையைத் தொடக்கூடாது.
குழித் தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளில்
குமிழ் ஒன்றுகூட இல்லாமல் கழுத்துவரை நிரப்பி,
மீனுக்குப் போகிற ஐஸில் புதைத்தேன்.
இடம், ஆழம், நேரம். எடுத்தவர்: என் பெயர்.

சரியாகத்தான் செய்கிறேன் என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.
கையுறையைக் கழற்றிக்கொண்டே
அஞ்சலாட்சி கேட்டாள்:
"காலையில போன ரெண்டு லோடு?"

விடியுமுன் மறுமூலையில் தோண்டியது.
இருட்டில்
நீலமும் மண்நிறம்தான்.

பச்சையாங்குப்பத்தில் ஒரு பள்ளமனை.
வருஷா வருஷம் முழங்கால் தண்ணீர் நிற்குமாம்.
இருசப்பன் கடன்வாங்கி மண் அடித்திருந்தார்.
பரப்பி, மிதித்து, சமன்செய்து,
ஈசானிய மூலையில் ஒரு செங்கல்லுக்கு மஞ்சளும் பூசியாகிவிட்டது.
கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது.
அவர் பெண்ணுக்கு நாலு வயதிருக்கும்,
கணுக்கால்வரை கொலுசுபோல் நீலம்.

முதலில் அந்தக் கால்களை சோப்புப் போட்டுக் கழுவினோம்.
இரண்டு முறை.

"காசு குடுத்து வாங்குன மண்ணும்மா."
விஷம் என்றால் அது பயமுறுத்தல்,
ஒன்றுமில்லை என்றால் பொய்.
அறிக்கை வரப் பத்து நாள் ஆகும்.
தெரியாது என்றேன்.
தெரியும்வரை இது இங்கே இருக்கக்கூடாது என்றேன்.
அவர் என் பூட்ஸைப் பார்த்தார்,
பிறகு தன் வெறுங்காலை.

பூவராகன் வந்து வழித்து அள்ளினான்.
தூக்கி வந்து நிறுத்துவதுதான் அவன் பெயர்க்காரருக்கு வழக்கம்.
திரும்ப எடுத்துக்கொண்டு போனதாகக் கதையில்லை.
இருசப்பனின் சொந்த மண்ணிலும்
அரையடி சேர்த்துச் சுரண்டவேண்டியிருந்தது.
அதை எழுத படிவத்தில் கட்டமில்லை;
ஓரத்தில் எழுதினேன்.
"என் மண்ணு எப்ப வரும்?" என்றார்.
நம்பரைக் கொடுத்தேன்.
லாரிக்கும் தார்ப்பாய் கட்டினோம்.

இரவு மழை பிடித்துக்கொண்டது.
குழியில் ஓர் அடி உயர்ந்திருந்தது தண்ணீர்,
விளக்கு வெளிச்சத்தில் அழகாகக்கூட இருந்தது.
லாரியின் சக்கரங்களைக் கழுவி
அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றினோம்.
வேலைத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகாதே,
பிள்ளையைத் தூக்குமுன் குளி என்று
அஞ்சலாட்சியிடம் சொன்னேன்.
"எங்க வீட்டுக் குழாயிலயா?" என்று கேட்டுவிட்டு
அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

பூட்ஸ் கழுவிய தண்ணீரையும் தொட்டியில் ஊற்றினேன்.
பையில் ஃபியூஸ் கட்டை இருக்கிறதா
என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
கடைசியாகக் கை கழுவினேன்.
அந்தத் தண்ணீரையும்.